வெற்றுத் தாளில் கைரேகை
(நன்கொடையாளர் கூட்டத்தில் மருத்துவமனை ஆயர் ஆற்றிய உரை)



எலும்பு முறிவு வார்டில் நாங்கள் கட்டில் கட்டிலாகச் செல்லும்போது, "ஐயா, ஜெபம் பண்ணுங்க" என்பார்கள். அடுத்த வார்த்தை, "கேஸ் போடலாமாய்யா?" என்பதே.

ஒரு கொத்தனார். கார் மோதித் தொடை எலும்பு முறிந்திருந்தது. கார்க்காரர் அவர் மனைவியிடம் 5,000 ரூபாயை நீட்டி, "போலீஸ் வேண்டாம்மா, பேசி முடிச்சுக்குவோம்" என்று வெற்றுத் தாளில் கைரேகை கேட்டார். வீட்டில் மூன்று பிள்ளைகள். அவர் விரலில் மை பட்ட வேளையில் நாங்கள் உள்ளே நுழைந்தோம்.

"பொறு மகளே" என்றோம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி ஒவ்வொரு வண்டிக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். காப்பீடு இருந்தால் இழப்பீட்டை அந்தக் கம்பெனியே செலுத்தும். முதல் தகவல் அறிக்கை, காயச் சான்றிதழ், மருந்துச் சீட்டுகள் இவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும். விபத்து நடந்த இடத்தில் மட்டுமல்ல, தாம் வசிக்கும் இடத்துத் தீர்ப்பாயத்திலும் மனுச் செய்யலாம். 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தம் இதற்கு ஆறு மாதக் கெடு வைத்தது. தாமதத்திற்காக மனுக்களைத் தள்ள வேண்டாமென 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. எனினும் அதை நம்பிக் காத்திருப்பது நல்லதல்ல. மோதிய வண்டி தெரியாமற் போனாலும் வழியுண்டு: அதே 2022 முதல் மரணத்திற்கு 2 லட்சம், கொடுங்காயத்திற்கு 50,000 ரூபாய் என அரசுத் திட்டம் வகுத்துள்ளது. வக்கீலுக்குப் பணமில்லாத ஏழைகளுக்கு மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இலவசச் சட்ட உதவி கிடைக்கும்.

கொத்தனாரின் தம்பி எங்களைத் தனியே அழைத்து, "ஊனத்தைக் கொஞ்சம் கூட்டி எழுதச் சொல்லுங்கய்யா" என்றார். மறுத்தோம். ஒரு பொய் வெளிப்பட்டால் உண்மையான காயத்தையும் நம்பமாட்டார்கள். அவர் எங்களோடு சில நாள் பேசவில்லை.

அந்த 5,000 ரூபாய் திரும்பிப் போயிற்று, மனுவும் பதிவாயிற்று. ஆனால் தீர்ப்பு வர ஆண்டுகள் ஆகலாம். பசி அதுவரை பொறுக்குமா? அன்று அந்த விரலை மைப் பெட்டிக்கு இழுத்தது அறியாமை மட்டுமல்ல, அடுப்பும்தான். நீங்கள் அனுப்பும் காணிக்கையிலிருந்து அந்த வீட்டிற்கு மாதந்தோறும் அரிசி போகிறது. ஆகவேதான் அவர்களால் நியாயத்திற்குக் காத்திருக்க முடிகிறது.