மார்ச் மாதச் சம்பளக் கணக்கு

இந்தியாவில் 2025–26 நிதியாண்டின் சம்பள வரிக்கு 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டமே பொருந்தும். ஐந்தாறு பேர் வேலை செய்யும் சிறு நிறுவனமானாலும், ஊழியரின் சம்பளம் வரி வரம்பைத் தாண்டினால் முதலாளியே வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும். ஆண்டு வரியை மதிப்பிட்டு மாதாமாதம் பிடிப்பதே முறை. முன்பு விட்டுப்போனதெல்லாம் மார்ச் சம்பளத்தில் மொத்தமாக விழும். அந்த மாதம் கைக்கு வருவது சொற்பமே. பழைய வரிமுறையில் இருப்பவர்களிடம் வாடகை ரசீது, காப்பீட்டுச் சான்றுகளை ஜனவரியிலேயே கேட்டு வாங்குவது இதற்காகத்தான்.

பிடித்த வரியை மறுமாதம் 7-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். மார்ச்சுக்கு மட்டும் ஏப்ரல் 30. கட்டாமல் தொழிலில் புரட்டினால் மாதம் ஒன்றரை சதவீத வட்டி. சம்பள வரிப் பிடித்தத்தைக் காட்டும் கடைசிக் காலாண்டின் 24கியூ அறிக்கைக்கு மே 31 கெடு. தவறினால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். ஊழியர்களுக்குப் படிவம் 16 ஜூன் 15-க்குள் போய்ச் சேர வேண்டும்.