நிலமில்லாப் பயிர்

(அன்னூர் வட்டாரத்துக் காலனி ஒன்றில் இளைஞர்களும் மாணவர்களும் கூடியிருந்த ஒரு மாலையில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



காளான் வளர்ப்பைப் பத்திப் பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்கீங்க. நேத்து ஒரு தம்பி எங்கிட்டக் கேட்டார்: "ஏனுங்கக்கா, பஞ்சமி நிலத்தை மீட்கணும்னு பேசிட்டிருந்தவங்க இப்போ காளான் பாக்கெட் விக்கப் போறீங்களா?" கேலியாத்தான் கேட்டார். ஆனா அது சரியான கேள்வி. அதுக்குப் பதில் சொல்லாம நான் வைக்கோலைப் பத்திப் பேச ஆரம்பிச்சா, நானும் அரசாங்கத்துப் பயிற்சிக் கூட்டத்திலே பேசற ஆளு மாதிரி ஆயிடுவேன்.

அந்தக் கூட்டங்களிலே என்ன சொல்றாங்க? காளான் நிலமில்லாதவனுக்கு ஏத்த தொழில், ஒரு சென்ட் பூமி வேண்டாம், ஒரு குடிசை போதும் என்கிறார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நாம ஏன் நிலமில்லாதவங்களா இருக்கோம்ங்கிற கேள்வி அந்த வாக்கியத்துக்குள்ளேயே அமுங்கிப் போயிடுது. செங்கல்பட்டுக் கலெக்டரா இருந்த திரமென்ஹீர் 1891ல் பறையர் நிலைமை பத்தி அறிக்கை கொடுத்து, அதன் பேரில் 1892ல் பஞ்சமி நிலம் ஒதுக்கினார்கள். அந்த நிலம் கைமாறிப் போனதைக் கேட்டுப் போராடினதுக்கு, 1994 அக்டோபர் 10ஆம் தேதி ஜான் தாமஸ், ஏழுமலை ரெண்டு பேரும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். காரணை ஊர் நிலம் அது. அந்த ரத்தத்துக்குப் பதிலா சிப்பிக் காளான் வாங்கிக்கங்கன்னு யாராவது சொன்னா, அந்தக் கூடையை அவங்க தலையிலேயே கவிழ்த்துடலாம்.

அதே சமயம், நிலம் வர்ற வரைக்கும் பண்ணாடி காட்டுக் கூலியை மட்டுமே நம்பிக் கிடக்கணும்னும் நான் சொல்ல மாட்டேன். கூலிக்காரன் வாய் திறந்தா அடுத்த நாள் வேலை இல்லை. ஊர்க்கட்டுப்பாடு போட்டா அடுப்பு எரியாது. ஒரு பொம்பளை கையிலே வாரத்துக்குக் கொஞ்சம் தன் காசு இருந்தா, "நாளைக்கு வேலைக்கு வரலைங்க"ன்னு சொல்ற குரல் வேற மாதிரி வரும். எனக்குக் காளானிலே இருக்கிற அக்கறை அவ்வளவுதான். லட்சாதிபதி ஆகிறதுக்கு இல்லை.

இன்னொரு சங்கதி. காளான் பெரிய சைவப் பண்டம்னு இப்போ நினைக்கிறோம். சுத்த சைவ ஓட்டல்னு போர்டு மாட்டினவன் கடையிலேதான் காளான் பிரியாணி, காளான் மஞ்சூரியன் எல்லாம் அதிகம். ஆனா மனு தர்மம் ஐந்தாம் அத்தியாயத்தைப் புரட்டிப் பாருங்க. ஐந்தாவது சுலோகத்திலே பூண்டு, வெங்காயத்தோட சேர்த்துக் காளானும் இருபிறப்பாளன் தின்னக் கூடாத பண்டம். பத்தொன்பதாவது சுலோகம் இன்னும் ஒரு படி மேலே போகுது: தெரிஞ்சே காளான், ஊர்ப்பன்றி, ஊர்க்கோழி, வெங்காயம், பூண்டு தின்ற இருபிறப்பாளன் சாதி கெட்டுப் போவான்கிறது. 1927 டிசம்பர் 25ல் மகாத்திலே அண்ணல் அம்பேத்கர் தலைமையில் எரிச்ச புத்தகத்திலே காளானுக்கும் ஒரு தீர்ப்பு இருந்திருக்கு!

அழுக்கிலே முளைக்கிறது, விதை தெரியாம முளைக்கிறது, அதனாலே தீட்டு. நம்மைப் பத்தியும் இதைத்தானே சொன்னான்? ஆனா காளான் தப்பிச்சுக்கிட்டது. குளிர்சாதன அலமாரியிலே ஏறி, பிளாஸ்டிக் உறை போட்டு, தீட்டுக் கழிஞ்சு இருபிறப்பாளன் தட்டுக்கே போயிட்டது. காசு ஆகிற பண்டத்துக்குத் தீட்டு சீக்கிரம் கழிஞ்சிடும். அதை விளைவிக்கிற கைக்குத்தான் கழியறதில்லை.

இதைக் கற்பனையாச் சொல்லலை. நம்ம பக்கத்து அவினாசி வட்டம், திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியிலே 2018 ஜூலையில் நடந்தது உங்களுக்குத் தெரியும். சத்துணவு சமைக்க வந்த அம்மா அருந்ததியர்ங்கிறதுக்காக, அவங்க சமைச்சா எங்க குழந்தைங்க சாப்பிட மாட்டாங்கன்னு சாதி இந்துக்கள் பள்ளிக்கூடத்தையே மறிச்சாங்க. அங்கே என்ன மாட்டுக்கறியா வெந்துச்சு? அரிசி, பருப்பு, காய். அத்தனையும் சைவம். ஆக, சைவம் அசைவம்கிற பேச்செல்லாம் பண்டத்தைப் பத்தினது இல்லை, கையைப் பத்தினது. பதினோரு மாநிலங்களிலே 565 கிராமங்களைப் பார்த்து எழுதி 2006ல் வந்த தீண்டாமை பற்றிய ஆய்வு நூலிலே, பால் கூட்டுறவுச் சங்கம் இருந்த ஊர்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான ஊர்களிலே தலித்துகள் சங்கத்துக்குப் பாலே ஊத்த முடியலைன்னு பதிவு பண்ணியிருக்காங்க. மாடு ஒண்ணுதான், பாலும் வெள்ளைதான்.

அதனாலே காளான் போட நினைக்கிறவங்க முதல்லே யோசிக்க வேண்டியது வைக்கோலை இல்லை, விக்கிற இடத்தை. எனக்கு நடந்ததைச் சொல்றேன். முதல் அறுவடையை இருநூறு கிராம் பாக்கெட்டா கட்டி ஒரு மளிகைக் கடைக்குக் கொண்டு போனேன். கடைக்காரர் வாங்கிக்கிட்டார். மூணாவது வாரம், "வளவிலிருந்து வர்றதான்னு கேக்கறாங்க அம்மிணி, நீ டவுனுக்குக் கொண்டு போய்ப் போடு"ன்னார். சண்டை போட்டேன், பிரயோசனம் இல்லை. அப்புறம் சத்தியமங்கலம் ரோட்டுலே பஸ் ஏறி கோயம்புத்தூர் கொண்டு போனேன். அங்கே யாரும் ஊர் கேட்கலை, எடைதான் கேட்டாங்க. அண்ணல் ஏன் கிராமத்தை விட்டு நகரத்துக்குப் போங்கன்னு சொன்னார்ங்கிறதை அன்னைக்கு அந்த மூணு கிலோ காளான் எனக்குப் புரிய வச்சது.

ஆனா சிப்பிக் காளான் பறிச்ச மறுநாளே வாடிப் போகிற சாமான். நாலு பேர் சேர்ந்து போட்டு, ஒருத்தர் போய் வித்துட்டு வந்தாத்தான் பஸ் சார்ஜ் கட்டும். தனி ஆளா ஆரம்பிக்காதீங்கன்னு நான் சொல்றது இதுக்குத்தான்.

சரி, இப்போ வளர்க்கிற முறைக்கு வர்றேன்.

மழை பெஞ்சு இடி இடிச்சா புத்துக் காளான் முளைக்கும்னு நம்ம ஆத்தாமார்களுக்குத் தெரியும். விடிகாலையிலே இட்டேரி ஓரமா போய்ப் பறிச்சிட்டு வருவாங்க. எது தின்கிற காளான், எது நாய்க்குடைங்கிற அறிவு எந்தப் புத்தகத்திலேயும் இல்லாம அவங்க கண்ணுலேயே இருந்தது. தெரியாம பறிச்சுத் தின்னா உயிரே போகும், அதனாலே மாணவத் தம்பிகள் யாரும் வீரம் காட்டாதீங்க. அந்தப் புத்துக் காளானைக் கறையான்தான் பயிர் பண்ணுது. இலைதழை சருகை மென்னு பாத்தி போட்டு உள்ளே பூஞ்சையை வளர்க்குது. மனுஷன் விவசாயம் கத்துக்கிறதுக்குக் கோடிக்கணக்கான வருஷம் முன்னாடியே அது விவசாயி. அந்தக் காளானை நாம வீட்டிலே வளர்க்க முடியலை. வளர்க்க முடிகிறது சிப்பிக் காளானும் பால் காளானும்.

சிப்பிக்கு வைக்கோல் வேணும். நம்ம அன்னூர் வறண்ட பூமி, நெல்லு எங்கே இருக்கு? கோபிப் பக்கமிருந்து வர்ற வைக்கோல் மாட்டுக்காரர்களுக்கே பத்தலை. பரவாயில்லை, கரும்புச் சக்கை, மணி உதிர்த்த மக்காச்சோளச் சக்கை, மில்லுக் கழிவுப் பஞ்சு எதுவும் ஆகும். வைக்கோல்தான் லேசா வரும், புதுசா ஆரம்பிக்கிறவங்க அதிலேயே கையைப் பழக்குங்க. மழையிலே நனைஞ்சு கறுத்தது ஆகாது. ரெண்டு அங்குலத் துண்டா வெட்டி, நாலஞ்சு மணி நேரம் தண்ணியிலே ஊற வச்சு, அப்புறம் கொதிநீரிலே முக்கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் வேக வைக்கணும். இந்த இடத்திலேதான் எல்லோரும் சோம்பேறித்தனம் பண்றது. விறகு மிச்சம்னு நான் முதல் தடவை அரை வேக்காட்டிலே இறக்கினேன். போட்ட பத்துப் படுக்கையிலே ஏழு பச்சைப் பூசணம் பிடிச்சுக் குப்பைக்குப் போச்சு. வெந்ததை வடிகட்டி, சுத்தமான சாக்கு மேலே நிழலிலே பரப்பி உலர விடுங்க. கையிலே பிடிச்சு முறுக்கினா தண்ணி சொட்டக் கூடாது, ஆனா கை ஈரமாகணும். அதுதான் பதம்.

ஒரு அடி அகலம், ரெண்டு அடி உயரம் பாலிதீன் பை. அடியைக் கட்டி உள்பக்கமா திருப்பினா வட்டமா உட்காரும். மூணு அங்குலம் வைக்கோல், மேலே ஓரத்தை ஒட்டி வித்து, மறுபடி வைக்கோல், மறுபடி வித்து, இப்படி நாலைந்து அடுக்கு. ஒரு பாக்கெட் வித்து ரெண்டு படுக்கைக்கு வரும். வாயைக் கட்டி, பக்கத்திலே சின்னச் சின்னதா துளை போட்டு, இருட்டான இடத்திலே தொங்க விடணும். பதினைந்திலிருந்து இருபது நாளிலே உள்ளே முழுக்க வெள்ளையா படர்ந்திடும். அப்புறம் பையைக் கிழிச்சு, கொஞ்சம் வெளிச்சமும் காத்தும் வர்ற, ஈரச் சாக்குத் தொங்கவிட்ட குடிசையிலே வச்சு, தினம் ரெண்டு தடவை தண்ணி தெளிங்க. மூணு நாலு நாளிலே ஊசி முனை மாதிரி மொட்டு வரும், அடுத்த மூணு நாளிலே பறிக்கலாம். ஒரு படுக்கை மூணு தடவை காய்க்கும். அரைக் கிலோ உலர்ந்த வைக்கோலுக்கு எல்லாம் நல்லபடியா நடந்தா அரைக் கிலோவுக்கு மேலே காளான் கிடைக்கும். தீர்ந்த படுக்கை உரமாகும்.

சித்திரை, வைகாசி வெயிலிலே சிப்பி படுத்துக்கும். அப்போ பால் காளான். முப்பது முப்பத்தைந்து டிகிரி சூட்டை அதுவே கேட்குது. நம்ம கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998ல் வெளியிட்ட ஏ.பி.கே. 2 ரகம் அது. படர்ந்த படுக்கையை ரெண்டா அறுத்து, ஆவியிலே வேக வச்ச மண்ணை மேலே ஒரு அங்குலத்துக்குப் போடணும். வேலை கூடுதல், ஆனா சிப்பியை விட ரெண்டு மூணு நாள் கூடுதலா தாங்கும்.

வித்து யார் கையிலே இருக்கோ அவங்க கையிலேதான் தொழில் இருக்கும்ங்கிறதையும் மறக்காதீங்க. அரை வேக்காட்டுச் சோளத்திலே சுண்ணாம்புத் தூள் கலந்து, பிரஷர் குக்கரிலே கிருமி நீக்கி, தாய் வித்துப் போட்டு வளர்க்கிறதுதான் அது. மந்திரம் ஒண்ணுமில்லை, சுத்தம்தான் வேணும். பல்கலைக்கழகத்துத் தாவர நோயியல் துறையிலே காளான் பயிற்சி தர்றாங்க. இங்கே விலங்கியல், தாவரவியல் படிக்கிற மாணவர்கள் நாலு பேராவது அதைக் கத்துக்கிட்டு வந்து காலனிக்கு ஒரு வித்துக்கூடம் அமைக்கப் பாருங்க. படிப்பு ஊருக்குத் திரும்புறதுன்னா இப்படியும் ஒண்ணு.

அப்புறம், "வீட்டிலேயே வளர்க்கலாம்"னு விளம்பரம் பண்றாங்களே, அவங்களுக்கு நம்ம வீடு தெரியாது. தொகுப்பு வீட்டிலே ஒரே அறை, அதிலே ஆறு பேர் படுக்கிறோம். சிப்பிக் காளான் முதிர்ந்தா மாவு மாதிரி வித்துத்தூள் பறக்கும். அதை நாள்கணக்கா சுவாசிச்சா இருமல், காய்ச்சல், நுரையீரல் வரைக்கும் பாதிக்கும். படுக்கிற அறையிலே தயவு செஞ்சு வைக்காதீங்க. தனியா ஒரு கீத்துக் கொட்டகை போடுங்க, பறிக்கும்போது மூக்கிலே துணி கட்டுங்க, இதழ் ஓரம் விரியறதுக்கு முன்னாடி பறிச்சிடுங்க. கொட்டகையை எவனோ எழுப்பின காம்பவுண்டு சுவர் ஓரமா போட்டுடாதீங்க. 2019 டிசம்பர் 2 விடிகாலையிலே மேட்டுப்பாளையம் நடூரிலே இருபதடிச் சுவர் விழுந்து நம்ம ஜனம் பதினேழு பேர் செத்ததைப் பக்கத்திலிருந்து பார்த்த ஊர்க்காரங்க நாம.

சமையலைப் பத்தியும் கேட்டிருக்கீங்க. காளான் கறிக்கு ஈடுன்னு ஒரு பேச்சு இருக்கு. பொய். பச்சைக் காளானிலே பத்துக்கு ஒன்பது பங்கு தண்ணி. நூறு கிராமிலே மூணு கிராம் புரதம் தேறினாப் பெருசு, மாட்டுக்கறியிலே இருபது கிராமுக்கு மேலே இருக்கு. ஆக, மாட்டுக்கறியை விட்டுட்டுக் காளானுக்கு மாறுங்கன்னு எவனாவது சுத்தம் பேசிட்டு வந்தா நம்பாதீங்க. கறி எடுக்கக் காசில்லாத நாளிலே, பருப்போட சேர்த்து ஆக்கினா ருசியும் இருக்கு, சத்தும் இருக்கு. அவ்வளவு சொன்னாப் போதும்.

எங்க வீட்டிலே அரிசிம்பருப்புலேயே போட்டுடுவோம். சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய், சீரகம் தாளிச்சு, காளானைக் கையாலே கிழிச்சுப் போட்டு வதக்கணும். அது விடுற தண்ணி சுண்டற வரைக்கும் பொறுமையா நில்லுங்க, அவசரப்பட்டா வழுவழுன்னு போயிடும். அப்புறம் அரிசியும் துவரம்பருப்பும் போட்டு, மஞ்சள், உப்பு, தண்ணி விட்டு வேக விட்டா ஆச்சு. களிக்கும் கம்மஞ்சோத்துக்கும் குழம்பு வேணும்னா கொத்தமல்லி, மிளகு, வரமிளகாய், தேங்காய் வறுத்தரைச்சு ஊத்துங்க. பள்ளிபாளையம் மாதிரி தேங்காய்ப் பல்லு, வரமிளகாய் போட்டு வறுத்தா பிள்ளைங்க கறின்னே நினைச்சுத் தின்னுடும். கோயம்புத்தூர் ரோட்டுக் கடையிலே "காளான்"னு ஒரு தட்டு தர்றான் பாருங்க, அதிலே பாதிக்கு மேலே முட்டைக்கோசு! அதையும் நாம விடறதில்லை.

புத்தர் கடைசியாச் சாப்பிட்டது என்னங்கிறதிலேயும் இந்தச் சண்டை இருக்கு. பாவா ஊரிலே சுந்தன்னு ஒரு கொல்லர், கையாலே உழைக்கிறவர், தன் வீட்டிலே பரிமாறினது "சூகர மத்தவம்". இளம் பன்றிக்கறின்னு சிலர், பன்றி மிதிச்ச இடத்திலே முளைச்ச காளான்னு சிலர், ரொம்பக் காலமா வாதம். எனக்கு அந்த வாதத்தை விட அதுக்கு அடுத்து வர்றதுதான் முக்கியமாப் படுது. உடம்பு முடியாமப் போன நிலையிலேயும் அவர் ஆனந்தனைக் கூப்பிட்டு, சுந்தன் பரிமாறினதாலேதான் இப்படி ஆச்சுன்னு யாரும் அவரைப் பழி சொல்லிடாம, அவர் மனசு நோகாமப் பார்த்துக்கச் சொன்னார். திருமலைக்கவுண்டன்பாளையத்திலே பள்ளிக்கூடத்தை மறிச்சவங்களை நினைச்சுட்டு இதைப் படிச்சுப் பாருங்க.

மணி ஆச்சு. பையிலே ஆறு பாக்கெட் வித்து இருக்கு, பன்னிரண்டு படுக்கைக்கு வரும். நாளைக் காலையிலே வைக்கோல் ஊற வைக்க நாலு பேர் வேணும். அண்டாவும் விறகும் இங்கேயே இருக்குன்னு அக்கா சொல்லியிருக்காங்க. யார் யார் வர்றீங்க, பேர் சொல்லுங்க.