அடி காத்திருக்கட்டும்

(உடற்கல்வி ஆசிரியர்களுக்கான பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வில்லியனூர், பாகூர் கொம்யூன் பள்ளிகளிலிருந்து வந்திருக்கும் ஆசிரிய நண்பர்களே, பறையாட்டத்தில் பிள்ளைகள் அந்தர்பல்டி அடிப்பது பற்றி என்னைப் பேசச் சொன்னார்கள். ஆண்டு விழா நெருங்கும்போது நம் வயிற்றில் புளியைக் கரைக்கும் விஷயம் அது.

நான் பணியில் சேர்ந்த புதிதில் நடந்ததைச் சொல்கிறேன். ஒத்திகை நாள். எட்டுப் பறைகள். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் நடுவில் வந்து பின்பல்டி அடிக்க வேண்டும். தனியாக அடிக்கச் சொன்னால் பிசகவே மாட்டான். முடிக்கும் அடி விழும்போது அவன் அந்தரத்தில் இருக்க வேண்டும் என்று நான் சொல்லி வைத்திருந்தேன். அன்று அடி வேகமெடுத்தது. அவன் கால் சரியாக ஊன்றவில்லை. ஆனாலும் குதித்துவிட்டான். பிடரி தரையில் மோதியது. பதறிப்போய் நாங்கள் இரண்டு பேர் அவனைத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தோம். “கை மரத்துப்போச்சு சார்” என்றான். சில நிமிடங்களில் சரியாகிவிட்டது. இன்று அவனுக்கே பள்ளி செல்லும் பிள்ளை இருக்கிறது.

நாங்கள் தூக்கியது பெரிய தவறு. கழுத்தில் அடிபட்டவனை அசைக்கவே கூடாது. கிடந்த நிலையிலேயே தலை அசையாமல் இரு பக்கமும் கையால் பிடித்துக்கொண்டு, இன்னொருவர் 108-ஐ அழைக்க வேண்டும். தண்ணீரும் வேண்டாம், சோடாவும் வேண்டாம்.

மறுநாளே பல்டிக்குத் தடை போட்டேன். பிள்ளைகள் விட்டுவிடவில்லை, இடத்தைத்தான் மாற்றினார்கள். பாகூர்ப் பக்கம் நெல் அறுவடை முடிந்தால் வைக்கோல் போருக்கா பஞ்சம்? கைப்பேசியில் வீடியோ பார்த்து அங்கே குதித்தார்கள். வைக்கோல் மெத்தென்று இருக்கும், மல்லாந்து விழுந்தால் தாங்கும். நின்று இறங்கினால் கால் புதைந்து கணுக்கால் திரும்பிவிடும். அந்த மாதத்தில் இரண்டு பேர் நொண்டிக்கொண்டு வந்தார்கள். அப்போதுதான் தடையை எடுத்துவிட்டு, நானே சொல்லிக்கொடுப்பது என்று முடிவு செய்தேன்.

முதலில் குட்டிக்கரணம். மோவாய் நெஞ்சோடு ஒட்ட வேண்டும்; உடம்பின் பாரம் கையிலும் தோளிலும் இறங்க வேண்டும், உச்சந்தலையில் அல்ல. இது நூறு தடவை சுத்தமாக வந்த பிறகுதான் அடுத்தது. பிறகு வெறுமனே மேலிருந்து குதித்து இறங்குவது: முன்பாதம் முதலில், முழங்கால் மடிந்து, இரண்டு கால்களுக்கும் இடையே தோள் அகலம். பிள்ளைகளுக்கு இது சலிப்பாக இருக்கும். சலிக்கட்டும். பிறகு சுவரோரம் கைகளில் நிற்பது, பக்கக் கரணம்.

பின்பல்டியில் நான் அதிகம் கண்ட பிழை, எடுத்தவுடன் தலையைப் பின்னால் எறிவது. அப்படிச் செய்தால் உயரம் கிடைக்காது. முதலில் கைகளைக் காதோரம் உயர்த்தி நேர் மேலே குதிக்க வேண்டும், அதன் பிறகுதான் முழங்காலை நெஞ்சுக்கு இழுக்க வேண்டும். தாங்குபவர் ஒரு கையை இடுப்பின் பின்புறத்திலும் மறு கையைத் தொடையின் பின்புறத்திலும் வைக்க வேண்டும். இந்தத் தாங்கும் வேலையை முறையாகக் கற்றுக்கொள்ளாதவர் தயவுசெய்து பல்டி சொல்லிக்கொடுக்க வேண்டாம். எனக்கே ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்றுநர்தான் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக் காட்டினார்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த மாணவனுக்கு உத்தி தெரியும். பிறகு ஏன் விழுந்தான்? பறைதான் காரணம்! அடி ஏற ஏற நெஞ்சும் படபடக்கும். இப்போது குதிக்காவிட்டால் எட்டு பேரின் உழைப்பும் வீண் என்று தோன்றும். சோவியத் வீராங்கனை எலினா முகினா 1978-இல் உலகச் சாம்பியன். கால் எலும்பு முறிவு முழுதாக ஆறும் முன்பே கடும் பயிற்சிக்குத் திரும்பினார். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குச் சில வாரங்களே இருந்தபோது பல்டியில் விழுந்து கழுத்து முறிந்தது. வாழ்நாள் முழுவதும் எழுந்து நடக்கவில்லை. உலகச் சாம்பியனுக்கே அந்த நெருக்கடி என்றால் நம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை என்ன செய்வான்?

அதனால் ஆட்டத்தையே மாற்றினேன். குதிப்பவர் அடிக்காகக் காத்திருப்பதில்லை. அடிதான் குதிப்பவருக்காகக் காத்திருக்கும். அவர் தன் பறையைக் கழற்றிப் பக்கத்திலிருப்பவரிடம் கொடுத்துவிட்டு நடுவில் வந்து நிற்பார். மற்றவர்கள் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். அவர் வலக்கையை உயர்த்தினால் பல்டி. இரு கையையும் விரித்தால் பக்கக் கரணம் மட்டும். முடிக்கும் அடி, இரண்டு பாதமும் தரையைத் தொட்ட பிறகுதான். ஏன் பல்டி அடிக்கவில்லை என்று யாரும் கேட்கக் கூடாது, நான் உட்பட. இன்னொன்று: பல்டியை ஆட்டத்தின் கடைசியில் வைக்காமல் இரண்டாம் நிமிடத்திலேயே வைத்தேன். கடைசியில் கால் ஓய்ந்துவிடும்.

பறையைத் தொடவே கூடாது என்று மகளை அனுப்ப மறுத்த வீடுகளும் உண்டு. காரணம் நம் எல்லோருக்கும் தெரியும். 2025-இல் மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கும் நம் புதுச்சேரித் தவில் கலைஞர் தட்சிணாமூர்த்திக்கும் பத்மஸ்ரீ கிடைத்த செய்தித்தாளைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த வீடுகளுக்குப் போனேன். ஒரு வீட்டில் காபி கொடுத்தார்கள். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள்.

காபி கொடுத்த வீட்டுப் பெண்தான் அடுத்த ஆண்டு விழாவில் நடுவில் நின்றாள். மார்கழி மாதம். இருட்டியதும் பனி இறங்கித் தரை ஈரமாகியிருந்தது. சிறப்பு விருந்தினர், ஊர்ப் பெரியவர்கள், அவள் அப்பா எல்லோரும் முன்வரிசையில். அடி சுற்றிச் சுற்றி வருகிறது. அவள் பாதத்தால் தரையை ஒருமுறை தேய்த்துப் பார்த்தாள். இரு கையையும் விரித்தாள். பக்கக் கரணம் போட்டு நின்றாள், முடிக்கும் அடி விழுந்தது, கைதட்டல்.

கீழே இறங்கியதும் அவள் அப்பா என்னிடம் வந்து, “பல்டி அடிப்பான்னு சொன்னீங்களே சார்?” என்றார். “தரை ஈரமுங்க” என்றேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு மேடை முன்னால் போய்த் தானும் ஒருமுறை தேய்த்துப் பார்த்துவிட்டு வந்தார்.