சுற்றுச்சூழல் ஆலோசகரும் ஊராரின் அறிவும்

(ஆலயத் திருவிழாவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



உடலுக்கு நோய் கண்டால் மருத்துவர் நாடி பார்க்கிறார். ஒரு நிலத்தில் பெரும்பணி தொடங்குமுன் அந்நிலத்தின் நாடியைப் பார்த்துச் சொல்லவும் ஒரு தொழில் உண்டு. அதைச் செய்வோர் சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனத்தார். ஓடை நீரை எடுத்துச் சோதிப்பதும், மண்ணில் பழைய நஞ்சு தேங்கியுள்ளதா எனத் தோண்டிப் பார்ப்பதும், இரைச்சலை அளப்பதும், அங்கு வாழும் மரம், பறவை, விலங்கு ஆகியவற்றைக் கணக்கெடுப்பதும் அவர்தம் பணிகள். பின்னர், வரவிருக்கும் பணியால் என்ன கேடு நேரும், அதனை எவ்வாறு குறைக்கலாம் என்று அறிக்கை எழுதித் தருவர். பணி நடக்கும் காலத்தில் சொன்னபடி நடக்கிறதா என்று கண்காணிப்பதும் உண்டு.

மலேசியாவில் 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ் 1987இல் பிறந்த ஆணை, குறிப்பிட்ட சில பணிகளுக்கு இவ்வாய்வைக் கட்டாயமாக்கியது. சிங்கப்பூரில் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. திட்ட அனுமதி வழங்கும் நடைமுறையின் ஓர் அங்கமாகவே இது நடைபெறுகிறது.

இத்தொழிலில் ஒரு முடிச்சு உண்டு. ஆலோசகருக்கு ஊதியம் தருபவர், பணியை நடத்த விரும்புபவரே. அதனால் அறிக்கைகள் எல்லாம் பொய் என்று கூறிவிட இயலாது. நேர்மையானவர் பலர் உளர். ஆயினும் சில மாதங்களே ஓரிடத்தில் உலவும் நிபுணரின் கண்ணுக்கு, பல்லாண்டுகள் அங்கேயே நடந்து திரிந்தவர் அறிந்தது எட்டாமல் போகலாம். ஆகவே அறிக்கையை ஊரார் படிப்பதும், படித்தபின் வாய்திறப்பதும் இன்றியமையாதன.

இதற்குச் சிங்கப்பூரின் குறுக்குத் தீவு ரயில் பாதையே தக்க சான்று. 50 கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ள இப்பாதை பற்றிய அறிவிப்பு 2013இல் வந்தது. வரைபடத்தில் அது மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டினை ஊடறுத்தது. அழுங்கு என்னும் எறும்புத்தின்னியும், சருகுமானும், அரிதாகிவிட்ட ராஃபிள்ஸ் மந்தியும் வாழும் காடு அது. காட்டைச் சுற்றிச் செல்லலாமே என்று இயற்கைச் சங்கத்தார் அவ்வாண்டே எழுத்து மூலம் கேட்டனர். நிலப் போக்குவரத்து ஆணையமும் அவர்களை அழைத்துப் பேசியது. ஆய்வு ஓர் ஆலோசனை நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

முதலில் எழுந்த வினா ரயிலைப் பற்றியது அன்று, துளைகளைப் பற்றியது. சுரங்கம் அமையுமா என அறிய, பாறையைத் துளைத்துப் பார்க்கவேண்டும். காட்டுக்குள் 72 ஆழ்துளைகள் இடுவதாக முதலில் எண்ணம். பேச்சுக்குப் பின்னர் அவை 16 ஆகக் குறைந்தன. அவையும் ஏற்கெனவே உள்ள நடைபாதைகளிலும் வெட்டவெளிகளிலும் மட்டுமே. எஞ்சிய செய்திகளைத் தரையின்மேல் கருவி வைத்து அறியும் முறை கைக்கொள்ளப்பட்டது. துளையிடும் பொறிகளைச் சுற்றி ஒலித்தடுப்பு, வெளிவரும் சேற்றுநீர் ஓடையில் கலவாதிருக்கத் தொட்டிகள் என ஏற்பாடுகள் வகுக்கப்பட்டன. 2016இல் பொதுமக்கள் பார்வைக்கு வந்த முதற்கட்ட அறிக்கை, இவ்வேற்பாடுகளைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தால் பாதிப்பு மிதமாக இருக்கும் என்றது. 'கண்டிப்பாக' என்ற அந்த ஒரு சொல்லில்தான் காட்டின் கதி அடங்கியிருந்தது என்பதைக் கூர்ந்து படித்தவர் உணர்ந்தனர்.

இயற்கை அன்பர்கள் மட்டுமே பேசினர் என்று எண்ணவேண்டா. காட்டைச் சுற்றிச் செல்லும் வழியருகே குடியிருந்தோர், தம் வீடுகள் கையகப்படுத்தப்படுமோ என அஞ்சினர். காட்டுக்கும் வாயில்லை; வீட்டை இழப்பவருக்கோ கண்ணீர் உண்டு. இரு தரப்பும் நியாயம் உடையனவே. சுற்றுவழி 9 கிலோமீட்டர். நேர்வழி 4 கிலோமீட்டர், அதில் காட்டின் அடியில் ஏறத்தாழ 2 கிலோமீட்டர். சுற்றிச் சென்றால் செலவு ஏறத்தாழ 200 கோடி வெள்ளி கூடும் என்பது அரசின் கணக்கு.

2019 டிசம்பரில் முடிவு வெளியாயிற்று. ரயில் காட்டின் அடியிலேயே செல்லும்; ஆனால் சுமார் 70 மீட்டர் ஆழத்தில். காட்டின் மேற்பரப்பில் கட்டுமானம் ஏதும் இல்லை. பணித்தளங்கள் காட்டுக்கு வெளியே. சுற்றுவழி கேட்டோர் முழு வெற்றி பெறவில்லை. எனினும் அவர்கள் வாய்மூடி இருந்திருந்தால் அந்த 72 துளைகள் 16 ஆகியிருக்குமா என்பது சிந்திக்கத் தக்கது.

ஆய்வு முடியுமுன் பணி முந்திக்கொண்டால் என்னாகும் என்பதையும் இத்தீவு கண்டுள்ளது. கிராஞ்சியில், ஆய்வு நிறைவுறுமுன் காட்டுநிலத்தின் ஒரு பகுதி தவறுதலாக அழிக்கப்பட்ட செய்தி 2021இல் வெளிவந்தது. வெட்டப்பட்ட மரத்தைக் கணக்கெடுக்க எந்த ஆலோசகராலும் இயலாது.

2020இல் தேசிய வளர்ச்சி அமைச்சு நடைமுறையைத் திருத்தியது. பாதுகாப்புக் காரணம் இருந்தாலன்றி, இத்தகைய அறிக்கைகள் பொதுமக்களுக்கு வெளியிடப்படும் என்று அறிவித்தது. அறிக்கைகள் தடித்தவை, ஆங்கிலத்தில் உள்ளவை, அட்டவணைகள் மிகுந்தவை. முழுவதும் படிக்க நேரமில்லாதோர் இரண்டு பகுதிகளையேனும் பார்க்கலாம். ஒன்று, கணக்கெடுப்பு எந்த மாதங்களில், எத்தனை நாள்கள் நடந்தது என்பது. மழைக்காலத்தில் மட்டும் வரும் பறவையை வெயிற்காலத்தில் தேடினால் கிட்டாது. மற்றொன்று, கேட்டைக் குறைக்கும் ஏற்பாடுகளை யார் செய்வார், யார் கண்காணிப்பார் என்பது. அங்கே பெயரும் பொறுப்பும் தெளிவாக இல்லையெனில், அதனைச் சுட்டிக்காட்டி எழுத நிபுணராய் இருக்க வேண்டியதில்லை. ஆங்கிலம் கற்ற பிள்ளைகள் வீட்டில் இருக்கின்றனர். பாட்டனார் அவ்விடத்தைப் பற்றி அறிந்ததைச் சொல்ல, பேரப்பிள்ளை எழுதி, குறித்த கெடுவுக்குள் அனுப்பிவிடலாம்.