வாழ்வில் ஒரு பிடிப்பு



ஒரு மொழியின் சொல்லை மற்றொரு மொழியில் இறக்குவதையே அன்றாடத் தொழிலாகக் கொண்ட நமக்கு, எளிதில் வசப்படாத சொற்களின்மேல் தனிப் பற்று உண்டு. 'இகிகாய்' என்னும் ஜப்பானியச் சொல் அத்தகையது. 'இகி' என்பது வாழ்தலைக் குறிக்கும். 'காய்' என்பது பட்ட பாட்டுக்கு ஈடாகக் கிட்டும் பயனை. ஒரு வேலை செய்யத்தக்கது என்று தோன்றினால் அதில் 'யாரிகாய்' உண்டு என்பர். உயிர் வாழ்வதே தக்கது என்று தோன்றச் செய்வது இகிகாய். 'வாழ்வின் பொருள்' என்று பெயர்த்தால் தத்துவ வாடை வீசுகிறது. 'குறிக்கோள்' என்றால் மேடைப் பேச்சாகிவிடுகிறது. "வாழ்க்கையில் ஒரு பிடிப்பு வேண்டாமா?" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பதுண்டே, அந்தப் 'பிடிப்பு' ஓரளவு அருகில் வருகிறது. பேரக் குழந்தையைத் தம் இகிகாய் என்று சொல்லும் ஜப்பானியர் உண்டு; நாள்தோறும் நீர் வார்க்கும் பூந்தொட்டியைச் சொல்வோரும் உண்டு.

அண்மைக் காலத்தில் இச்சொல் உலகெங்கும் பரவியுள்ளது. ஆனால் பரவிய உருவம் வேறு. விரும்பும் செயல், கைவந்த செயல், உலகுக்கு வேண்டிய செயல், ஊதியம் தரும் செயல் என நான்கு வட்டங்களை வரைந்து, நான்கும் கூடும் இடமே இகிகாய் என்கிறார்கள். அவ்வட்டங்கள் ஜப்பானில் பிறந்தவை அல்ல. 2011-ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டவர் ஒருவர் வாழ்வின் நோக்கத்தை விளக்க வரைந்த படத்தில், 2014-இல் வேறொருவர் நடுச்சொல்லை எடுத்துவிட்டு இகிகாய் என்று பொறித்தார், அவ்வளவே. ஜப்பானியர் வழக்கில் ஊதியம் இதற்கு நிபந்தனையன்று. தமிழும் பிழைப்பு வேறு, வாழ்வு வேறு என்று பிரித்தே சொல்கிறது. பிழைப்பின் பொருட்டு ஊரைவிட்டு வந்து, டில்லியிலும் மும்பையிலும் கோப்புகளோடும் கணக்கேடுகளோடும் பகலைக் கழிக்கும் நம்மவர்க்கு இவ்வேறுபாடு சிறிது ஆறுதல் தரலாம். அலுவலக நாற்காலியிலேயே இகிகாய் அமர்ந்திருக்க வேண்டும் என்ற விதி எங்கும் இல்லை!

இது வெறும் மனநிறைவுதானே என்று ஒதுக்கவும் இயலாது. ஜப்பானின் ஒசாகி பகுதியில் 40 முதல் 79 வயது வரையுள்ள 43,391 பேரிடம், தங்களுக்கு இகிகாய் உண்டா என்று வினவி, ஏழாண்டுகள் அவர்களைக் கவனித்து வந்தார்கள். 2008-இல் வெளிவந்த முடிவின்படி, 'இல்லை' என்றவர்களிடையே இறப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காக இருந்தது. எது காரணம், எது விளைவு என்று அறுதியிட்டுச் சொல்வது அரிதாயினும், அவ்வெண் சிந்திக்க வைக்கிறது.

இச்சொல்லை முதன்முதலில் ஆழ ஆராய்ந்தவர்களுள் ஒருவர் மியெகோ காமியா என்னும் மனநல மருத்துவர். 1914-இல் பிறந்தவர். உலகப் போர் முடிந்ததும் அந்நாட்டுக் கல்வி அமைச்சில் மொழிபெயர்ப்புப் பணி புரிந்தார். ரோமானியப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸின் சிந்தனைகளை ஜப்பானிய மொழியில் தந்தவரும் அவரே. ஆதலின் அவர்மேல் நமக்குச் சற்று உரிமை உண்டு எனலாம். 1957 முதல் அவர் பணியாற்றிய இடம் ஒகயாமா மாநிலத்தைச் சேர்ந்த நாகாஷிமா தீவு. அங்கே 1930 முதல் அரசுத் தொழுநோய் மருத்துவமனை ஒன்று இருந்தது. தீவுக்கும் கரைக்கும் இடையே கடல் மிகக் குறுகியது. எனினும் பல்லாண்டுகள் அதன்மீது பாலம் கிடையாது. நோயைத் தீர்க்கும் மருந்து கிடைத்த பின்னரும், 1953-ஆம் ஆண்டுச் சட்டம் நோயாளரைப் பிரித்து வைத்தலையே தொடர்ந்தது. உற்றாருக்கு இழுக்கு நேராதிருக்கத் தம் பெயரையே மாற்றிக்கொண்டு வாழ்ந்தவர் பலர்.

உணவும் உறையுளும் மருத்துவமும் அங்கே கிடைத்தன. கிடைக்காதது நாளை என்பது. உடல்நிலை ஓரளவு நன்றாயிருந்தும், நாள்கள் வெறுமையாய்க் கழிவதாகக் கூறியவர் பலரைக் காமியா கண்டார்; அதே கூரையின்கீழ், அவர்களைவிடக் கடுமையாக நோயுற்றும் மலர்ந்த முகத்தோடு வாழ்ந்தவர்களையும் கண்டார். நோயின் கடுமையும் மனத்தின் வெறுமையும் ஒரே அளவில் செல்லவில்லை. இந்தப் புதிர்தான் 1966-இல் அவர் வெளியிட்ட நூலுக்கு வித்து. இன்பம் நிகழ்காலத்தோடு நின்றுவிடக்கூடும். இகிகாய் உணர்வோ வருங்காலத்தை நோக்கியது. இன்று இருண்டிருந்தாலும், தனக்காக ஏதோ ஒன்று காத்திருக்கிறது என்ற உணர்வு ஒருவனை நிறுத்திவைக்கும் என்பது அவர் கண்ட முடிவு.

அத்தீவிலேயே இதற்குச் சான்று இருந்தது. 1953-இல் பார்வையிழந்த நோயாளர் சிலர் கூடி, 'நீலப் பறவை' என்ற பெயரில் ஹார்மோனிகா இசைக்குழு ஒன்றை அமைத்தார்கள். இசைக் குறிப்புகளைப் புள்ளியெழுத்தில்தான் படிக்கவேண்டும். விரல்களிலோ நோயினால் உணர்ச்சியில்லை. குழுவின் தலைவர் நாவினால் அப்புள்ளிகளைத் தடவிப் படிக்கக் கற்றார். தாள் நனைந்து, நாக்குப் புண்ணாகிப் படித்த பாடம் அது. அடுத்த ஒத்திகை என்று ஒன்று இருந்தது. தம் பகுதியைத் தவறாது வாசிக்கவேண்டும் என்று எதிர்பார்க்கும் தோழர்கள் இருந்தார்கள்.

இதைக் கேட்டு, சிறையிலும் பொருள் காணலாமே, பின் சிறையில் என்ன குறை என்று எவரேனும் எண்ணுவாராயின், அது பெருங்கொடுமை. பிரித்து வைக்கும் கொள்கையைக் காமியா போதிய அளவு எதிர்க்கவில்லை என்று பிற்காலத்தார் குறை கூறினர், அக்குறை புறக்கணிக்கத்தக்கதன்று. தீவுக்குப் பாலம் வந்தது 1988-இல். சட்டம் நீங்கியது 1996-இல். அந்தக் கொள்கை அரசியலமைப்புக்கு முரணானது என்று குமமோட்டோ நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2001-இல். அரசு மேல்முறையீடு செய்யவில்லை. அதற்குள் முதியோர் பலருக்குத் திரும்பிச் செல்ல வீடு இல்லை. பாலம் இருந்தும் அவர்கள் தீவிலேயே தங்கிவிட்டார்கள்.