ஓர் ஓடைக்கு எத்தனை பதிவேடு?

1980களின் பிற்பகுதியில் வட அந்தமானில் ஒரு காய்ச்சல் தலைகாட்டத் தொடங்கியது. தலைவலி, உடம்புவலி என்று படுப்பார்கள். சிலருக்கு இருமலில் ரத்தம் வரும், மூச்சு முட்டும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆள் போய்விடுவார். இன்ன நோய் என்று பிடிபடாததால் ஊர்ப் பெயரையே சூட்டி, அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல் என்றார்கள். 1993 அக்டோபர், நவம்பரில் டிக்லிபூர் வட்டாரத்தில் அது மறுபடி கிளம்பியது. இன்று ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியிருக்கும் போர்ட் பிளேரில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மண்டல மையம் நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்து, இது லெப்டோஸ்பைரா என்ற நுண்ணுயிரியின் வேலை என்று காட்டியது. தமிழ்நாட்டில் எலிக்காய்ச்சல் என்கிறோமே, அதுதான். உண்மையில் இது தீவுகளுக்குப் புதிதே அல்ல. அந்தமான் கைதிகள் குடியிருப்பாக இருந்த காலத்திலேயே, 1931ல், டெய்லர், கோய்ல் என்ற இரு மருத்துவர்கள் இந்நோயைப் பற்றி அங்கேயே ஆராய்ந்து எழுதி வெளியிட்டிருந்தார்கள். அறுபது ஆண்டுகளில் அந்த அறிவு எங்கோ ஓர் அலமாரியில் தூங்கிப்போயிற்று.

இந்தக் கிருமி தண்ணீரிலும் சேற்றிலும் புழங்குவது. மாடு, பன்றி, நாய், எலி என்று பல பிராணிகளின் சிறுநீரகத்தில் குடியிருக்கும். சிறுநீரோடு வெளியே வந்து, ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள மண்ணில் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். எலிக்காய்ச்சல் என்று சொல்லிப் பழி முழுவதையும் எலியின் தலையில் கட்டுவது கொஞ்சம் அநியாயம். வயலில் நாள் முழுக்க நின்றவரின் காலைப் பாருங்கள்: விரலிடுக்கு வெளுத்து ஊறி, தோல் பிரிந்து, சேற்றுப்புண் கண்டிருக்கும். கிருமிக்கு அந்த வாசல் போதும். வட அந்தமானில் அந்த வயல்கள் வந்த கதையையும் கவனிக்க வேண்டும். தீவுகளிலேயே உயரமான சேடில் பீக் மலையில், 732 மீட்டர் உயரச் சிகரத்தின் சரிவுகளில், கால்போங் ஆறு பிறக்கிறது. பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகளை 1950களில் டிக்லிபூர் பக்கம் குடியேற்றினார்கள். அந்த ஆற்றின் பள்ளத்தாக்குக் காடு திருத்தப்பட்டு நெல்வயலாயிற்று. மாடு என்பதையே அறியாத காட்டுக்கு மாடு கப்பலேறி வந்தது. ஆக, அந்தக் காய்ச்சலுக்குள் குடியேற்றத்தின் வரலாறும் இருக்கிறது, கால்நடை வளர்ப்பும் இருக்கிறது, வயலின் வடிகாலும் இருக்கிறது. மருத்துவர் கையில் வந்து விழுவது இவை எல்லாவற்றின் கடைசி நுனி.

மருத்துவம் தனியாக எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு அதே மையம் ஓர் அருமையான சான்று தந்திருக்கிறது. வட அந்தமானில் 782 பேரை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு சாராருக்கு வாரம் ஒருமுறை டாக்சிசைக்ளின், மறுசாராருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2000ல் வெளியானது. மருந்து சாப்பிட்டவர்களில் நோயில் விழுந்தவர்களின் விகிதம் மற்றவர்களைவிட ஏறக்குறையப் பாதி. நல்ல பலன்தான். ஆனால் ரத்தத்தைச் சோதித்தபோது, கிருமி தொற்றியதன் தடயம் இரு சாராரிடமும் பெரிய வேறுபாடு இல்லாமல் இருந்தது. அதாவது மாத்திரை நோயைத் தடுத்தது. வயலிலிருந்து உடம்புக்குள் கிருமி ஏறுவதை அது தடுக்கவில்லை. தண்ணீர் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. அதை மாற்ற வேண்டுமென்றால் கால்நடை மருத்துவர் வேண்டும், மண் அறிந்தவர் வேண்டும், வடிகால் வெட்டுகிற பொறியாளர் வேண்டும், மழை என்று பெய்தது என்று குறித்து வைத்தவரும் வேண்டும். இவர்கள் எல்லாரும் தீவில் இருக்கிறார்கள். ஒரே ஓடையில், ஒரே நாளில் சந்திப்பதுதான் அரிதாக இருக்கிறது.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: நன்னீர் மாசு பற்றிய கூட்டாய்வை நிறுவனங்களைச் சுற்றிக் கட்டாமல் ஓடையைச் சுற்றிக் கட்ட வேண்டும். கராச்சர்மாவில் மத்திய தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. விலங்கியல், தாவரவியல் ஆய்வுத் துறைகளின் மண்டல மையங்கள் இருக்கின்றன. புதுவைப் பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது. மத்திய நிலத்தடி நீர் வாரியம் கிணறுகளையும் ஊற்றுகளையும் ஆராய்கிறது. பொதுப்பணித் துறை குடிநீர் தருகிறது. மாசுக் கட்டுப்பாட்டுக் குழுவும் உண்டு. மூன்று லட்சத்து எண்பதாயிரம் பேர் என்று 2011 கணக்கெடுப்பு சொன்ன ஒரு சிறிய தீவுக்கூட்டத்துக்கு இது குறைவான அறிவுப்படை அல்ல. குறை வேறிடத்தில் இருக்கிறது. கால்போங்கையே எடுத்துக்கொள்வோம். மின்துறைக்கு அது 5.25 மெகாவாட் புனல்மின்சாரம். வேளாண் துறைக்கு அது வயல்களின் ஈரம். மருத்துவருக்கு அது காய்ச்சல் வரும் பருவம். மீன் ஆராய்ச்சியாளருக்கு அது மீன் பட்டியல். ஒவ்வொருவரும் தத்தம் பதிவேட்டில் ஒழுங்காகத்தான் எழுதுகிறார்கள். ஒருவர் எடுத்தது மேல்கரை, இன்னொருவர் எடுத்தது பாலத்தடி. ஒருவர் பிப்ரவரியில், மற்றவர் அக்டோபரில். நான்கு பதிவேடுகளை அடுக்கி வைத்தாலும் அவற்றிலிருந்து ஆற்றைத் திரும்பக் கட்டிவிட முடியாது.

இதற்கு எளிய மாற்று, ஆற்றின் ஒரே இடத்தில் ஒரே நாளில் எல்லாரும் தண்ணீர் மொள்வது. கேட்க எளிது, செய்வது அவ்வளவு எளிதல்ல. டிக்லிபூரில் காலையில் மொண்ட தண்ணீரைக் கிருமிச் சோதனைக்குப் போர்ட் பிளேர் கொண்டுவர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். குப்பியைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, அதிகம் போனால் 24 மணி நேரத்துக்குள் சோதனைக்கூடத்தில் சேர்க்க வேண்டும். தாமதித்தால் குப்பிக்குள் சில கிருமிகள் பெருகும், சில சாகும். பிறகு எண்ணிச் சொல்லும் எண் ஆற்றைப் பற்றியதாக இராது, பயணத்தைப் பற்றியதாக இருக்கும். சாலை சுமார் 300 கிலோமீட்டர். மிடில் ஸ்ட்ரெயிட்டில் வண்டியைப் படகில் ஏற்றிக் கடல்காலைத் தாண்ட வேண்டும். அப்புறம் ஜாரவா மக்களின் காப்பு வனம். அதற்குள் வண்டிகள் குறித்த நேரத்தில் அணியாகச் சேர்ந்துதான் போகலாம். ஓர் அணி தப்பினால் அடுத்த அணி வரும்வரை காத்திருக்க வேண்டும், பனிக்கட்டி உருகிக்கொண்டிருக்கும். ஆராய்ச்சி நிர்வாகம் என்றால் பலருக்குக் கூட்டமும் கோப்பும் நினைவுக்கு வரும். இங்கே அது பனிக்கட்டி, படகு நேரம், வண்டி அணி. டிக்லிபூரிலேயே அடிப்படைச் சோதனைகளுக்கு ஓர் அறையும் ஒரு பயிற்சி பெற்றவரும் இருந்தால், அதை எல்லா நிறுவனங்களும் பங்கிட்டுக்கொண்டால், தலைநகரில் நடக்கும் பல கலந்துரையாடல்களைவிட அது மேலான கூட்டாய்வு.

துறைகளைச் சேர்த்துப் பார்த்தால் என்ன புதிதாகத் தெரிந்துவிடும் என்று கேட்கலாம். 2004 டிசம்பர் 26ஐ நினைவுபடுத்திக்கொள்வோம். ஆழிப்பேரலை வயல்களையும் கிணறுகளையும் உப்பாக்கிவிட்டுப் போனது. மண் ஆய்வாளர் மேட்டு வயலிலும் தாழ்ந்த வயலிலும் மண்ணை எடுத்துப் பார்த்தால் இரண்டிலும் உப்பு. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர், சென்னையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் மழை கொட்டும் இடம் இது; இரண்டொரு மழைக்காலத்தில் உப்பு கழுவிப் போய்விடும் என்று அவர் எதிர்பார்த்தது நியாயம். பல இடங்களில் அப்படியே நடந்தது. சிப்பிகாட் போன்ற தாழ்வான பகுதிகளில் நடக்கவில்லை. காரணத்தை மண் சொல்லாது, நிலநடுக்க ஆய்வாளர்தான் சொல்ல முடியும்: தென் அந்தமான் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்துவிட்டது, வட அந்தமானோ மேலெழுந்தது. தாழ்ந்த நிலத்தில் ஒவ்வோர் உயர் ஓதத்தின்போதும் கடல் திரும்பத் திரும்ப உள்ளே வந்தது. ஒரு வயல் மழைக்குக் காத்திருக்கலாமா, அதைக் கைவிட்டு வேறு வழி பார்க்க வேண்டுமா என்ற கேள்விக்கு, மண் அறிவும் நில அறிவும் ஒன்றாக உட்கார்ந்தால்தான் விடை கிடைக்கும். உழவனுக்கு வேண்டியது அந்த ஒரே விடை.

கூட்டாய்வு என்றாலே முகம் சுளிக்கிறவர்கள் உண்டு, அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. பத்துப் பேரைக் கூட்டினால் பத்துத் தேநீரும் ஒரு நடவடிக்கைக் குறிப்பும்தான் மிஞ்சும் என்பார்கள். 1993ல் மர்மத்தை அவிழ்க்க எந்தக் கூட்டுக் குழுவும் தேவைப்படவில்லையே, ஒரே மையம் சாதித்ததே என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். நோயின் பெயரைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல சோதனைக்கூடம் போதும். நோய் வராமல் இருக்கத் தொழுவத்திலிருந்து கிணறு வரை கை வைக்க வேண்டும், அது எந்த ஒரு நிறுவனத்தின் எல்லைக்குள்ளும் அடங்காது. குழுக்கள் பற்றிய புகாருக்கு அமெரிக்காவின் ஹப்பார்ட் புரூக் காடு பதில் சொல்லும். நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள அந்தச் சிறிய பள்ளத்தாக்கில் 1963ல் லைகன்ஸ், போர்மன் முதலிய சிலர், ஒரு சிற்றோடையின் நீர்ப்பிடிப்பு முழுவதையும் ஓர் அலகாகக் கொண்டு, உள்ளே வரும் மழையையும் வெளியேறும் ஓடைநீரையும் தவறாமல் அளந்தார்கள். அந்த மழைக் குப்பிகள்தான் வட அமெரிக்காவுக்கு அமிலமழையைக் காட்டிக்கொடுத்தன. ஒரு நீர்ப்பிடிப்பின் மரங்களை அடியோடு வெட்டிப் பார்த்தபோது ஓடையில் நைட்ரேட் பெருகியதையும் அங்கேதான் கண்டார்கள். வனத்துறையாரையும் பல்கலைக்கழகத்தாரையும் அங்கே சேர்த்து வைத்தது பள்ளத்தாக்குதான். எல்லாரும் அளந்தது ஒரே மதகில், ஆகவே ஒருவர் எண்ணை அடுத்தவர் எடுத்துப் பயன்படுத்த முடிந்தது. அந்தமானுக்கு இது இன்னும் எளிது. இங்கே பல ஓடைகள் மலையில் தோன்றிக் கடலில் விழுவதற்குள் ஒரே நாளில் நடந்து முடித்துவிடலாம். கங்கையை ஆராய்கிறவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இன்னொரு கேள்வி கொஞ்சம் சுருக்கென்று தைக்கும். கோடையில் போர்ட் பிளேரில் குழாயில் நாள் விட்டு நாள் தண்ணீர் வந்தாலே பெரிது. குடிக்கவே இல்லாத இடத்தில் குப்பியில் பிடித்து ஆராய்வது ஆடம்பரம் அல்லவா? நகரத்தின் பெருந்தாகத்தைத் தீர்ப்பது தனிகாரி அணை. செங்குத்தான மலை, குட்டையான ஓடை; பெய்த மழை சில மணி நேரத்தில் கடலுக்குப் போய்விடும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை வானம் கைவிரிக்கும்போது, நிலைத்து நிற்பது காட்டு மண் பிடித்து வைத்திருக்கும் ஊற்று மட்டுமே. குழாய் நின்றால் மக்கள் கிணற்றுக்கும் ஊற்றுக்கும் போகிறார்கள். நீர் குறையும் அதே மாதங்களில், கழிவு குறையாமல் அதில் சேர்கிறது. எந்த ஊற்று பங்குனி வரை தாங்கும், எது கொதிக்க வைக்காமல் குடிக்கத் தகாதது என்று ஓர் அட்டவணை கையில் இருந்தால் தண்ணீர் லாரி ஓட்டுகிறவருக்கே அது பயன்படும். அளவும் தரமும் ஒரே ஊற்றில்தான் இருக்கின்றன; நாம்தான் அவற்றை இரண்டு அலுவலகங்களில் வைத்திருக்கிறோம்.

கடைசியாகக் கிரேட் நிக்கோபார். துறைமுகம், விமான நிலையம், மின்நிலையம், நகரம் எல்லாம் சேர்ந்த திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. 130 சதுர கிலோமீட்டருக்கு மேல் காடு அதற்காக ஒதுக்கப்படுகிறது. திட்டம் வேண்டுமா வேண்டாமா என்ற வாதத்துக்குள் இந்த உரையில் நான் போகவில்லை. அனுமதியோடு வந்த கண்காணிப்பு ஏற்பாட்டை மட்டும் பார்க்கிறேன்: மாசுக்கு ஒரு குழு, உயிரினங்களுக்கு ஒரு குழு, ஷோம்பென், நிக்கோபாரி மக்களின் நலத்துக்கு ஒரு குழு. கலாத்தியா ஆறு இந்த மூன்றின் வழியாகவும் ஓடுகிறது. மேலே காட்டில் வாழ்கிறவர்கள் ஷோம்பென். கீழே முகத்துவாரத்து மணலில் முட்டையிட வருகிறது பேராமை. நடுவில் கலங்கி வரப்போகும் வண்டல் மூன்று குழுக்களுக்கும் பொது. மூன்று குழுக்களும் ஆற்றின் ஐந்தாறு இடங்களைப் பெயரிட்டுக் குறித்து, ஒரே நாளில் நீர் எடுத்து, ஒரே பதிவேட்டில் எழுதி, அதை ஊரார் பார்க்க வைக்கலாம். அதற்குப் பெரிய நிதியும் புதிய சட்டமும் வேண்டியதில்லை. வேண்டியது காலம்: இரண்டு பருவமழையும் ஒரு கோடையும் அடங்கிய ஓர் ஆண்டாவது, காடு காடாக இருக்கும்போதே. முதல் மரம் விழுந்த பிறகு எடுக்கிற முதல் குப்பி கலங்கியிருந்தால், அது எப்போதுமே இப்படித்தான் என்று ஒருவர் சொல்வார், இல்லை என்று இன்னொருவர் சொல்வார்; இருவர் கையிலும் பதிவேடு இருக்காது.