எந்த வகுப்பு அதிகச் சூடு?



பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கிற வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஒரு குரல் கேட்கும். "அம்மா, நாளைக்கு புராஜெக்ட் வைக்கணும்." அவ்வளவுதான். அப்பா சார்ட் பேப்பர் தேடிக் கிளம்புவார். அக்கா ஸ்கெட்ச் பேனாவை எடுத்துத் தலைப்பு எழுத உட்காருவாள். ஜெராக்ஸ் கடையில் போய் "நீர் மாசு" என்று சொன்னால் போதும். கலர் பிரிண்ட் எடுத்து, ஸ்பைரல் போட்டு, கையில் கொடுத்துவிடுவார்கள். மறுநாள் மதிப்பெண்ணும் வந்துவிடும். இவ்வளவுக்கும் நடுவில் அந்தப் பிள்ளை எதைப் பற்றி யோசித்தது என்று கேட்டால், கடையை எத்தனை மணிக்குச் சாத்துவார்கள் என்பதைப் பற்றித்தான்.

நான் கல்லூரியில் இயற்பியல் முதலாண்டு மாணவி. வேலூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் படித்து வந்தவள். பள்ளியில் செய்த புராஜெக்ட்டுகளில் பெரும்பாலானவை எனக்கு நினைவில் இல்லை. ஒன்று மட்டும் மறக்கவில்லை. நான் இன்று ஒரு செய்தியைப் படித்தாலும், ஒரு விளம்பரத்தைப் பார்த்தாலும், கேள்வி கேட்கிற விதம் அதிலிருந்து வந்தது. மற்றவை கொடுக்காத எதை அந்த ஒன்று கொடுத்தது என்பதைத்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

செயல்திட்டம் என்பது நேற்று முளைத்த யோசனை இல்லை. அமெரிக்கக் கல்வியாளர் ஜான் டூயி 1910-இல் சிந்தனையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். மனம் குழம்பி நிற்கிற இடத்தில்தான் சிந்தனை தொடங்குகிறது என்பது அவர் கருத்து. அவர் வழியில் வந்த வில்லியம் கில்பாட்ரிக் 1918-இல் புராஜெக்ட் முறை பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். பிள்ளை தானே விரும்பி, ஒரு நோக்கத்தோடு இறங்கிச் செய்கிற வேலைதான் அவருக்குப் புராஜெக்ட். நம் நாட்டில் 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைவேலை வழியாகப் பாடம் கற்பதைத்தான் பேசியது.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 2012-13-ஆம் கல்வியாண்டில் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தன. பருவத் தேர்வுக்கு 60 மதிப்பெண், வளரறி மதிப்பீட்டுக்கு 40. அந்த 40-க்குள் செயல்பாடுகளுக்கும் இடம் கிடைத்தது. நல்ல நோக்கம். ஆனால் மதிப்பெண் எங்கே போகிறதோ அங்கே கடையும் போகும். செயல்பாட்டுக்கு மதிப்பெண் என்றதும், செயல்பாடு விலைக்குக் கிடைக்க ஆரம்பித்தது.

கண்காட்சிகளில் தவறாமல் இடம்பெறும் எரிமலை மாதிரியை எடுத்துக்கொள்ளுங்கள். களிமண்ணில் மலை, உள்ளே சமையல் சோடா, மேலே வினிகர். சிவப்புச் சாயத்தோடு நுரை பொங்கும். எல்லோரும் கை தட்டுவார்கள். ஆனால் எரிமலை அப்படி வெடிப்பதில்லை. பூமிக்கு அடியில் உருகிய பாறைக் குழம்பில் கரைந்திருக்கும் வாயுக்கள், குழம்பு மேலே வரவர அழுத்தம் குறைந்து, பிரிந்து விரிவதால் அது பீறிடுகிறது. சோடாவும் வினிகரும் செய்வது அமிலம் காரத்தோடு சேர்கிற வேதிவினை. அந்த மாதிரியை ஆயிரம் தடவை செய்தாலும் ஆயிரம் தடவையும் நுரைதான் வரும். என்ன வரும் என்று முன்பே தெரிந்த இடத்தில் யோசிக்க என்ன இருக்கிறது?

இப்போது எங்கள் புராஜெக்ட்டுக்கு வருகிறேன்.

எங்கள் பள்ளியில் மூன்று வகைக் கட்டடங்கள். பழைய ஓட்டுக் கட்டடம் ஒன்று. சிமென்ட் ஷீட் போட்ட நீளக் கொட்டகை ஒன்று. தளம் போட்ட மாடிக் கட்டடம் ஒன்று. வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஜூன் மாதம் பள்ளி திறந்த பிறகும் அது விடாது. ஷீட் கொட்டகையில் இருந்த எங்களுக்கு மதியத்துக்கு மேல் பாடம் ஏறாது. "இங்க உட்காரவே முடியல டீச்சர்" என்று அறிவியல் டீச்சரிடம் முறையிட்டோம். அவர் கேட்டார்: "முடியலன்னா எவ்வளவு சூடு? எதைவிட? எத்தனை மணிக்கு?"

யாருக்கும் பதில் தெரியவில்லை. அன்றைக்கு எங்களுக்கு ஒரு புராஜெக்ட் கிடைத்தது. புலம்பலைக் கேள்வியாக மாற்றுவதுதான் நாங்கள் கற்ற முதல் பாடம். புலம்பலை யாரும் அளக்க முடியாது. கேள்வியை அளக்கலாம்.

அளக்க எதை எடுப்பது? ஒருத்தி வீட்டிலிருந்து காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரைக் கொண்டுவந்தாள். அது 35 டிகிரியிலிருந்து 42 டிகிரி செல்சியஸ் வரைதான் காட்டும். ஏறினால் உதறும்வரை இறங்காது. அறையின் வெப்பத்துக்கு அது ஆகாது. ஆய்வுக்கூடத்து வெப்பமானிகளை எடுத்தோம். எல்லாவற்றையும் ஒரே பாத்திரத் தண்ணீரில் நிறுத்திப் பார்க்கச் சொன்னார் டீச்சர். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட ஒரு டிகிரி கூடுதலாகக் காட்டியது. தூக்கிப் போட்டுவிடலாம் என்றோம். "வேண்டாம். ஒரு டிகிரி அதிகம்னு எழுதி வை, கழிச்சுக்கலாம்" என்றார். கருவி பொய் சொல்லலாம். எவ்வளவு பொய் என்று தெரிந்தால் அதையும் பயன்படுத்தலாம். பாடப்புத்தகத்தில் பிழை என்ற தலைப்பில் இருந்த பக்கம் அன்றுதான் எங்களுக்கு உயிரோடு வந்தது.

அடுத்தது, எங்கே தொங்கவிடுவது? ஜன்னல் ஓரத்தில் ஓர் அளவு, கரும்பலகைப் பக்கம் வேறு அளவு. சுவரைத் தொட்டால் சுவரின் சூட்டைக் காட்டும். வெயில் விழுந்தால் வெயிலைக் காட்டும். கடைசியில் எல்லா அறையிலும் நடுவில், உட்கார்ந்த பிள்ளையின் தலை உயரத்தில், கயிறு கட்டித் தொங்கவிட முடிவானது. இதற்கே பெரிய வாக்குவாதம். ஆனால் அது ஆளுக்கு ஆள் போட்ட சண்டை இல்லை. எது நியாயமான ஒப்பீடு என்பதைப் பற்றிய வாதம்.

மதிய நேர அளவுகள் வந்தன. ஷீட் கொட்டகைதான் அதிகச் சூடு. ஓட்டுக் கட்டடம் அடுத்து. மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளம் எல்லாவற்றிலும் குளுமை. நாங்கள் சொன்னதுதான் சரி என்று சந்தோஷமாக எழுதிக் கொண்டுபோய் நீட்டினோம். டீச்சர் படித்துவிட்டு ஒன்று கேட்டார்: "இந்த முடிவு தப்புன்னு ஒருத்தர் வாதாடணும்னா, என்ன சொல்லுவார்?"

அந்தக் கேள்விதான் எல்லாவற்றையும் மாற்றியது. நாங்களே எங்கள் எதிர்க்கட்சியாக உட்கார்ந்தோம். கொட்டகையில் பிள்ளைகள் அதிகம் என்றாள் ஒருத்தி. சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவரின் உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. பிள்ளைகளுக்குச் சற்றுக் குறைத்துக்கொண்டாலும், நாற்பது பேர் இருக்கும் அறை மூன்று நான்கு இஸ்திரிப் பெட்டிகளை ஓடவிட்ட மாதிரி. அப்படியானால் சூடு கூரையால் வந்ததா, எங்களாலா? இன்னொருவன் சொன்னான், கீழ்த்தளத்துக்கு மேலே இன்னொரு மாடி இருக்கிறது, அதனால் கீழ்த்தளத்தின் கூரை வெயிலையே பார்ப்பதில்லை. அதையும் கொட்டகையையும் ஒப்பிட்டால் ஒப்பிடுவது ஷீட்டையும் கான்கிரீட்டையுமா, வெயிலையும் நிழலையுமா? மூன்றாவது ஆள் கேட்டது எளிமையான கேள்வி. ஏன் மதியம் மட்டும் அளந்தோம்?

திரும்ப அளந்தோம். இந்த முறை பிள்ளைகள் இல்லாத நேரத்திலும் அளந்தோம். கீழ்த்தளத்தோடு மேல்மாடி அறையையும் சேர்த்தோம். பள்ளி விட்ட பிறகும், வாட்ச்மேன் தாத்தாவின் அனுமதியோடு, இருட்டும்வரை பார்த்தோம்.

வந்த அட்டவணை நாங்கள் எதிர்பாராதது. வெயில் சாய்ந்ததும் ஷீட் கொட்டகை சீக்கிரமே ஆறிவிட்டது. மேல்மாடி கான்கிரீட் அறை ஆறவில்லை. பொழுது இறங்கிய நேரத்தில் அதுதான் கொட்டகையைவிடச் சூடாக இருந்தது. காரணம் ஏழாம் வகுப்பிலிருந்து நாங்கள் படித்ததில்தான் இருந்தது. மெல்லிய ஷீட் உடனே சூடேறும், உடனே விட்டுவிடும். தடித்த கான்கிரீட் பகலெல்லாம் வெப்பத்தை உள்ளே வாங்கி வைத்து, சாயங்காலத்துக்கு மேல் மெல்ல வெளிவிடும். மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்துவிட்டுப் படுக்கிற வழக்கத்துக்கு அன்றுதான் எங்களுக்குக் காரணம் புரிந்தது.

ஆக, எந்த வகுப்பு அதிகச் சூடு என்ற கேள்விக்கு எங்கள் விடை ஒரு பெயராக வரவில்லை. மதியம் என்றால் கொட்டகை, இரவு என்றால் மேல்மாடி. பகலில் படிக்கிற பள்ளிக்குக் கொட்டகை ஆகாது. ராத்திரி தூங்குகிற வீட்டுக்கு வெறும் கான்கிரீட் தளம் கஷ்டம். எந்தச் சூழலில் ஒரு முடிவு பொருந்தும், எங்கே பொருந்தாது என்று எல்லை கட்டிச் சொல்வதும் சிந்தனையின் ஒரு பகுதி என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. தலைமையாசிரியரிடம் அட்டவணையோடு போனோம். மதியத்துக்கு மேல் கொட்டகைப் பிள்ளைகள் வேப்ப மரத்தடியில் உட்கார அனுமதி கிடைத்தது.

இந்த அனுபவத்தை வைத்து மூன்று விஷயங்களைச் சொல்லத் தோன்றுகிறது.

முதலாவது, பாடம் தெரியாமல் சிந்தனை வராது. மனப்பாடத்தை ஒழித்துவிட்டால் பிள்ளைகள் தானாக யோசிப்பார்கள் என்று சிலர் பேசுகிறார்கள். வெப்பம் எப்படிக் கடக்கிறது என்று படித்திராவிட்டால், அந்தச் சாயங்கால அளவுகளை ஏதோ தவறு என்று அடித்துவிட்டுப் போயிருப்போம். படித்தது கையில் இருந்ததால்தான், வந்த எண் எங்களிடம் ஏதோ சொல்ல வருகிறது என்று நின்று பார்த்தோம்.

இரண்டாவது, முடிவைவிட வழி முக்கியம் என்றால் வழியை எழுதி வைக்க வேண்டும். 1993 முதல் நாடு முழுவதும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு நடந்துவருகிறது. தமிழ்நாட்டில் அதை ஒருங்கிணைத்து வந்திருப்பது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்துக் குழுவாக ஆராய்ந்து, தாய்மொழியிலேயே முன்வைக்கலாம். அங்கே ஆய்வறிக்கையோடு அன்றாடக் குறிப்பேடும் கேட்கிறார்கள். அறிக்கையில் எல்லாம் சீராக இருக்கும். குறிப்பேட்டில்தான் அடித்தல் திருத்தல், பாதியில் விட்ட யோசனை, ஒத்துவராத எண் எல்லாம் இருக்கும். ஒரு பிள்ளை யோசித்ததா என்று பார்க்க அந்த நோட்டைப் புரட்டினால் போதும். எந்த ஜெராக்ஸ் கடையிலும் அதை விற்க முடியாது.

மூன்றாவது, குழுவில் யார் எதைச் செய்கிறார்கள் என்பது. பெரும்பாலும் என்ன நடக்கிறது? "உனக்குக் கையெழுத்து நல்லா இருக்கு" என்று பெண் பிள்ளையிடம் சார்ட்டைக் கொடுத்துவிடுவார்கள். கருவி பையன்கள் கைக்குப் போகும். நன்றாகப் பேசுகிற ஒருவர் மேடையில் நிற்பார். ஆளுக்கொரு துண்டு வேலை முடிந்துவிடும். முழுக் கேள்வியும் யார் தலையிலும் ஏறியிருக்காது. எங்கள் டீச்சர் வாரம் ஒருமுறை வேலையை மாற்றிவிட்டார். அளந்தவள் எழுதினாள், எழுதியவன் அளந்தான். யாரை எழுப்பிக் கேட்டாலும் ஏன் இப்படிச் செய்தோம் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் என்பது விதி.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று ஆசிரியர்கள் கேட்பது எனக்குத் தெரியும். பாடத்திட்டம் பெரிது, வகுப்பில் பிள்ளைகள் அதிகம், பதிவேடுகள் வேறு. நியாயம்தான். அதனால்தான் புராஜெக்ட்டைக் குறையுங்கள் என்கிறேன். பாடத்துக்கொரு சார்ட் என்று வருடம் முழுக்க ஒட்டுவதைவிட, வருடத்துக்கு ஒன்று, விடை யாருக்கும் முன்கூட்டித் தெரியாத ஒன்று போதும். அதற்குப் பணமும் வேண்டாம். பள்ளிக் குழாயில் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் சொட்டுகிறது, சத்துணவில் எந்தக் காய் அதிகம் மிச்சமாகிறது, எந்த மரத்தடியில் எந்தப் பறவை வருகிறது. வளாகத்துக்குள்ளேயே கேள்விகள் கிடக்கின்றன.

இன்று கைப்பேசியிடம் தலைப்பைச் சொன்னால் நொடியில் முழுப் புராஜெக்ட்டும் எழுதித் தந்துவிடுகிறது. இனி ஜெராக்ஸ் கடைக்குக்கூடப் போக வேண்டாம். இதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். கான்கிரீட் வெப்பத்தைத் தேக்கும் என்று கைப்பேசி சொல்லும். எங்கள் கொட்டகையில் மூன்று மணிக்கு எத்தனை டிகிரி என்று அதற்குத் தெரியாது. அதை யாராவது போய் அளந்தாக வேண்டும். கைப்பேசி எழுதிவிடக்கூடிய புராஜெக்ட்டைக் கொடுத்தால் கைப்பேசிதான் எழுதும்.

பெற்றோர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பிள்ளை புராஜெக்ட்டோடு வந்து நின்றால், எத்தனை மார்க் என்று கேட்பதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள். "இது உனக்கு முன்னாடியே தெரியுமா, செஞ்சு பார்த்துத் தெரிஞ்சுதா?" "இது தப்பா இருந்தா, அது தப்புன்னு எப்படிக் கண்டுபிடிப்பே?" முதல் தடவை பதில் வராது; பிள்ளை விழிக்கும். விழிக்கட்டும், நீங்கள் பதிலை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். அந்த இடத்திலிருந்துதான் அது யோசிக்க ஆரம்பிக்கும்.